நதிமூலம்

நதிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள்.
எனக்கு அதற்குத்தான் சம்பளம்.

பெருங்குடி, ஏழாவது மாடி.
தண்ணீர் லாரிக் கம்பெனிக்கு
மாதக் கடைசியில் ஓர் அறிக்கை போகும்.
அதன் கடைசிப் பத்தி: சேர்ந்த அளவு.
அந்த எண் எங்கிருந்து வருகிறதென்று
ஆடிட்டர் கேட்டுவிட்டார்.
ஆளாளுக்கு அடுத்த மேசையைக் காட்டினார்கள்.

முதலில் டிரைவர் வேண்டும் என்றது மென்பொருள்.
கீழே சாலையில் நாற்பது லாரி, நாற்பது டிரைவர்.
இது வேறு.
டேட்டாபேஸின் கதவைத் தட்டத் தெரிந்த
சின்னக் கோப்பு.
பழையதைப் போட்டால் மென்பொருள் பேசாது,
புதியதைப் போட்டால் சர்வர் பேசாது.
மூன்று நாள் அதிலேயே போனது.

பிறகு அனுமதி.
டிபிஏ எபிநேசர்
யாரையும் நம்பாதவர், நல்லவர்.
'படிக்க மட்டும்' என்றேன்.
'எதைப் படிக்க?'
'பெயர்களை.
எந்த டேபிளில் எந்தப் பத்தி,
எது எதைப் பார்த்து நிற்கிறது.
ஒரு வரித் தரவுகூட எடுக்க மாட்டேன்.'
'தண்ணி வேணாம்,
குழாய் எங்க போகுதுன்னு மட்டும் சொல்லணும்?'
'அதேதான்.'
'மெட்ராஸ்ல அதைத்தான் ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க'
என்றபடி
கடவுச்சொல்லைப் பஸ் டிக்கெட்டின் பின்னால்
எழுதித் தந்தார்.

வெள்ளி இரவு பதினொன்றரை. இறக்குமதி.
முந்நூற்றுப் பன்னிரண்டு டேபிள்,
நாற்பத்தோரு வியூ,
ஒன்பது எச்சரிக்கை, பிழை இல்லை.
திரையில் அம்புகள் முளைத்தன.
அறிக்கையிலிருந்து ஒரு வியூ,
அதற்குப் பின்னால் இன்னொரு வியூ,
அப்புறம் யாரோ அவசரத்தில் எழுதிய புரொசீஜர்,
அதற்குள் புகுந்து வெளியே வந்து
டெம்ப்_அமலோ_2 என்ற பெட்டியில்
நின்றது.
அதற்கு இடப்பக்கம் வெள்ளை.
பெயர்தான் தற்காலிகம்.
பதினோரு வருடமாக இருக்கிறது.

'அமலோற்பவம்' என்றார் எபிநேசர், யோசிக்காமல்.
திருவொற்றியூர் டிப்போவில் டிரிப் ஷீட் எழுதியவர்.
இப்போது ராயபுரத்தில் செராக்ஸ் கடை.
சனிக்கிழமை போன் செய்தேன்.
பின்னால் மெஷின் தாள் தாளாகத் துப்பும் சத்தம்.

'ஒம்பதாயிரம் லிட்டர்னு பில்லு போடுவாங்க.
லாரி ஒழுகும்மா.
வால்வு போன வண்டி எதுன்னு எனக்குத் தெரியும்,
கேட்டுலேர்ந்து கோடு போட்டுட்டே போகும்.
அதான் அறுநூறு கழிச்சு வெச்சேன்.
ரெண்டு ஏழு நாலு வண்டிக்கு மட்டும் ஆயிரம்.
யாரும் சொல்லிச் செய்யல.
யாரும் கேக்கவும் இல்ல.'
மெஷின் நின்றது.
'தப்பாம்மா?'

அவர் போய் ஐந்து வருடம்.
வண்டிகள் மாறிவிட்டன,
அறுநூறு மாறவில்லை.
ரெண்டு ஏழு நாலு காயலான் கடைக்குப் போன பிறகும்
அதன் ஆயிரம் எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கிறது.
அவர் கழித்த காலத்தில் அந்தப் பத்திதான் சரி,
பில்தான் தப்பு
என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
படிக்க மட்டும்.

வெள்ளையில் நானே ஒரு பெட்டி வரைந்தேன்.
மூலத்தின் வகை என்ன என்றது.
டேட்டாபேஸ், கோப்பு, சேவை, மற்றவை.
ஆள் என்று ஒன்று இல்லை.
மற்றவை.
பெயர்: அமலோற்பவம்.
குறிப்பு: ஒழுகல். கண்ணால் பார்த்துக் கழித்தது.

இனி தினமும் இரவு இரண்டு மணிக்கு
இறக்குமதி தானாக ஓடும்.
கையால் வரைந்ததை அழித்து எழுதலாமா
என்றொரு சின்னக் கட்டம்
டிக் அடித்தபடியே வருகிறது.
எடுத்தேன். சேமித்தேன்.
சந்தேகத்தில் மறுபடி திறந்து பார்த்தேன்.

கீழே சிக்னலில் ஒரு லாரி.
பச்சை விழுந்து அது போன பிறகும்
நின்ற இடம் தெரிந்தது,
ஏழாவது மாடி வரைக்கும்.